வாய்வழி கெட்டிக்கும் ரைஃபிள்: துணி வில்லை கருகினால், கிழிந்தால், புகைந்தால்

குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற ரைஃபிளில் குண்டு குறியை விட்டு விலகினால், திருநெல்வேலிப் பக்கம் பழி முதலில் மருந்தின் மேல்தான் விழும். "இந்தத் தடவ வந்த மருந்து சரியில்ல அண்ணாச்சி" என்பார்கள். அடுத்தது குழல். குண்டைச் சுற்றிப் போன துணி வில்லையோ பத்திருபதடி முன்னால் புல்லில் கிடக்கும். குனிந்து அதை எடுத்துப் பார்க்கிறவர்கள் குறைவு. குழலுக்குள் என்ன நடந்தது என்பதற்கான சாட்சி அந்தத் துணிதான். எங்கே கருகியிருக்கிறது, எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டால் எதை மாற்ற வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் மருந்தைக் கூட்டியும் குறைத்தும் சுட்டுக்கொண்டிருந்தால் ஈயமும் காசும்தான் போகும்.

இந்தக் குறிப்பு, குழலுக்குள் மரை (குண்டைச் சுழலவைக்கும் திருகுப் பள்ளங்கள்) வெட்டிய, உரிமம் உள்ள ரைஃபிளுக்கு. பயிர்ப் பாதுகாப்புக்கென்று தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இருக்கும் நாட்டுத் துப்பாக்கிகளில் பலவற்றுக்கு மரை கிடையாது. அவற்றுக்கு இதில் பாதி பொருந்தாது. நான் பேசுவது குறிப்பலகையைச் சுடுவது பற்றி மட்டும். காட்டுப்பன்றி கடலையைக் கிளறினாலும் வாழையைச் சாய்த்தாலும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் அதைச் சுட முடியாது. களக்காடு, முண்டந்துறை அடிவாரத்தில் விவசாயம் பார்ப்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, மருந்து என்றால் கரிமருந்து மட்டும்தான். புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூட இந்தக் குழலில் போடக் கூடாது. குழல் வெடித்து ஆளை முடித்துவிடும்.

வில்லை செய்கிற வேலை

50 காலிபர் ரைஃபிள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குழலின் உள்விட்டம் 12.7 மில்லிமீட்டர். அதற்கு வழக்கமாகப் போடும் உருண்டைக் குண்டு 12.45 மி.மீ., எடை கிட்டத்தட்ட 11.5 கிராம். குண்டுக்கும் மரையின் மேட்டுக்கும் நடுவில் பக்கத்துக்கு 0.125 மி.மீ. இடைவெளி இருக்கிறது. பள்ளத்தின் ஆழம் 0.25 மி.மீ. என்றால் அந்த இடத்தில் இடைவெளி 0.375. இந்த இரண்டையும் ஒரே துணி அடைக்க வேண்டும். 0.38 முதல் 0.45 மி.மீ. வரை தடிப்புள்ள துணி பள்ளத்தை நிறைத்துக்கொண்டு, மேட்டில் நசுங்கி, ஈயத்தின் மேல் தன் நெசவுத் தடத்தையே பதித்துவிடும். அப்படி இறுகினால்தான் மரையின் சுழற்சி துணி வழியாகக் குண்டுக்குப் போகும், பின்னால் வரும் நெருப்பு முன்னால் கசியாது. அடிபம்பில் தோல் வாஷர் பார்க்கிற வேலைதான் இது. வாஷர் போய்விட்டால் எத்தனை அடித்தாலும் தண்ணீர் ஏறாது.

கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட 1799-இல் கம்பெனிச் சிப்பாய்கள் தோளில் இருந்தது மரையில்லாத மஸ்கெட். அடுத்த ஆண்டு, 1800-இல், பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட பேக்கர் ரைஃபிளில் ஏழு மரைப் பள்ளங்கள். அதன் கட்டையில் பித்தளை மூடி போட்ட ஒரு சின்ன அறையும் உண்டு, கொழுப்புத் தடவிய வில்லைகளை வைத்துக்கொள்ள. அந்த ரைஃபிளில் மரையோடு துணியும் கூடவே வந்தது.

முதலில் பொறுக்குங்கள்

வில்லை பெரும்பாலும் வாயிலிருந்து 5 முதல் 10 மீட்டருக்குள் விழும். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக இறங்குகிற மேல்காற்றில் அது எங்கேயோ முள்ளுக்குள் போய்விடும். பழைய சணல் சாக்கு இரண்டை நன்றாக நனைத்து முன்னால் விரித்துவிடுங்கள். துணி ஒட்டிக்கொள்ளும், கங்கு இருந்தால் அணைந்தும் விடும். எல்லோரும் சுடுவதை நிறுத்தி, துப்பாக்கிகள் காலி என்று உறுதியான பிறகுதான் முன்னே நடக்க வேண்டும்.

நல்ல வில்லை எப்படி இருக்கும்? விரித்துப் பாருங்கள். குண்டு உட்கார்ந்த நடுப்பகுதி ஒரு காசு அகலத்துக்குக் கறுத்திருக்கும், ஆனால் துணி முழுசாக இருக்கும். அதைச் சுற்றி மரையின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் தக்கபடி கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள். ஓரத்தில் நூல் பிரிந்திருக்கும், அது பரவாயில்லை. சூரியனுக்கு நேரே பிடித்தால் நெசவின் இழைகளுக்கு இடையே வருகிற வெளிச்சம் தவிர வேறு ஓட்டை தெரியக் கூடாது. விரலில் இன்னும் கொஞ்சம் எண்ணெய்ப் பசை ஒட்ட வேண்டும்.

கெட்டிக்கும்போது கிழிந்ததா, வெடிக்கும்போதா?

இதைப் பிரித்துப் பார்க்காமல் எந்த மருத்துவமும் பலிக்காது. முறை எளிது. நிப்பிளில் (குழலடியில் கேப்பு மாட்டும் துளைக் குமிழ்) கேப்பு (தட்டினால் நெருப்பு தரும் சின்ன மூடி) இல்லை என்று பாருங்கள். இடிகம்பியை உள்ளே விட்டு, வெறும் குழலுக்கென்று போட்டு வைத்திருக்கும் கோடு வாயோடு சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். கோடு போடாமல் வைத்திருந்தால் இன்றே போடுங்கள். வெறும் குழலுக்கு ஒரு கோடு, மருந்தும் குண்டும் இறங்கிய குழலுக்கு ஒரு கோடு. குழல் காலி என்று தெரிந்த பிறகு, மருந்தில்லாமல் வில்லையும் குண்டும் மட்டும் வைத்து ஒரு சாண் ஆழம் இறக்குங்கள். பிறகு குண்டு பிடுங்கும் திருகைக் கம்பியில் மாட்டி இழுத்து எடுங்கள். துணியில் வெட்டு இருந்தால் குற்றம் வாய்விளிம்பிலோ மரையிலோ இருக்கிறது. முழுசாக வந்தால் வாயும் மேல்பகுதியும் சரி. அடுத்த முறை அடிவரை இறக்கி எடுத்துப் பாருங்கள். அப்போதும் முழுசாக இருந்தால் குற்றம் நெருப்பில்தான். மருந்து உள்ளே இருக்கும்போது இந்தச் சோதனையை நினைத்தும் பார்க்கக் கூடாது.

குறி: சம இடைவெளியில் கூரிய வெட்டுகள்

குண்டின் இடுப்பு வட்டத்தில் வெட்டுகள் வரிசையாக இருக்கும். எண்ணிப் பார்த்தால் மரை மேடுகளின் எண்ணிக்கையோடு ஒத்துப்போகும். புதுக்குழலிலும் மறுபடி மரை வெட்டிய குழலிலும் இது சாதாரணம். மேட்டின் விளிம்பு இன்னும் கூராக இருக்கிறது, அவ்வளவுதான். கொஞ்சம் பஞ்சைக் குச்சியில் சுற்றி வாய்க்குள் விட்டு விளிம்பைத் தடவுங்கள். இழை மாட்டுகிற இடம் கூர்.

வாய்விளிம்பு மட்டும் என்றால் கையாலேயே சரி செய்யலாம். எண்ணெய்த் துணியை இரண்டங்குலம் உள்ளே திணித்து, தூள் கீழே இறங்காமல் அடையுங்கள். 400 நம்பர் எமரித் தாளில் ஒரு சின்னத் துண்டைக் கட்டைவிரல் நுனியில் வைத்து வாயில் அழுத்தி, அரைவட்டமாகத் திருப்பித் திருப்பித் தேயுங்கள். குழலையும் அவ்வப்போது கால்வட்டம் திருப்பிக்கொள்ளுங்கள், ஒரு பக்கமே தேயக் கூடாது. பிறகு 600 நம்பர். பஞ்சு மாட்டாமல் வழுக்கினால் நிறுத்திவிடுங்கள். இதை கிரைண்டரில் செய்து தருகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். வாய் ஒரு பக்கம் சாய்ந்தால் குண்டு அந்தப் பழியை வாழ்நாள் முழுக்கச் சுமக்கும். அடிபட்டு நெளிந்த வாயை உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியரிடம்தான் காட்ட வேண்டும்.

கூர் உள்ளே நீளத்துக்கும் இருந்தால், மிக நயமான ஸ்டீல் உல்லைப் பித்தளைக் கொண்டையில் சுற்றி, எண்ணெய் விட்டு மேலும் கீழுமாக இழுக்கலாம். முடித்ததும் ஒரு துகள் மிச்சமில்லாமல் கழுவ வேண்டும். பொறுமை இருந்தால் நூறு இருநூறு குண்டுகளில் குழல் தானாகவே படிந்துவிடும். நான் அந்தப் பொறுமைக்குத்தான் வாக்களிப்பேன்.

வெட்டு ஒன்றே ஒன்றாக, எல்லா வில்லையிலும் ஒரே மாதிரி இருக்கிறதா? வில்லையின் ஓரத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி முன்பார்வைக் குமிழின் பக்கம் வரும்படி வைத்துக் கெட்டியுங்கள். மேலே சொன்ன மருந்தில்லாச் சோதனையில் எடுத்துப் பார்த்தால், புள்ளியிலிருந்து வெட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அங்கேதான் வாயில் பிசிறு இருக்கிறது. இடிகம்பி வருடக்கணக்கில் ஒரே பக்கம் உரசி உண்டாக்கின பள்ளமாகவும் இருக்கலாம்.

குறி: நடுவில் ஓட்டை, ஓட்டையைச் சுற்றிக் கருகல்

அதிகம் கேட்கிற புகார் இதுதான். மருந்தில்லாச் சோதனையில் துணி முழுசாக வந்திருக்கும், வெடித்தால் மட்டும் நடுவில் ஓட்டை. நெருப்பு துணியைத் தின்றிருக்கிறது. காரணங்களை நான் தேடுகிற வரிசை: துணி, எண்ணெய், மருந்து.

துணியில் முதல் சந்தேகம் பழைய வேட்டி. வீட்டில் கிடக்கிறதே என்று எட்டுமுழ வேட்டியைக் கிழித்து வில்லை போடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. வேட்டித் துணி நயம். இந்த வேலைக்குத் தடிப்பு காணாது. பல தடவை வெளுத்து இழை செத்தும் போயிருக்கும். வேண்டியது நெருக்கமான நெசவுள்ள சுத்தப் பருத்தி: தடித்த காடா, டிரில், கோடு போட்ட மெத்தைத் துணி. இன்றைக்கு மெத்தைத் துணியிலும் பாலியஸ்டர் கலந்து வருகிறது, கடைக்காரருக்கே தெரியாது. "அண்ணாச்சி, ஒரு இழை உருவிக்கிடட்டுமா?" என்று கேட்டு வாங்கி, வெளியே வந்து தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து, விரலால் தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். டெரிகாட்டன் சுருண்டு, உருகி, நுனியில் கெட்டியான மணியாக நிற்கும். அந்த மணி குழல் சுவரில் ஒட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

புதுத்துணியில் கஞ்சி இருக்கும். வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தடவை அலசிக் காயவையுங்கள். நெசவும் சுருங்கி நெருங்கும், எண்ணெயும் நன்றாகப் பிடிக்கும். தடிப்பைக் கடையில் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. துவைத்த துணியைப் பத்து மடிப்பாக மடித்து, லேத்துப் பட்டறையில் வெர்னியரைக் கேட்டு வாங்கி, இறுக்கி அளந்து பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் இன்னும் கைத்தறி ஓடுகிறது. தறிக்காரர்களிடம் விசாரித்தால் இழையைப் பற்றி எந்தக் கடையையும்விடத் தெளிவாகச் சொல்வார்கள்.

அடுத்தது எண்ணெய். துணியை நெருப்பிலிருந்து காப்பாற்றுகிறதும் கரிக்கசடை இளக்கமாக வைக்கிறதும் இதுதான். கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். அது புகையோடு போனது போக மிச்சமெல்லாம் குழல் சுவரில் படியும். என்ஜின் ஆயில், கிரீஸ் போன்ற பெட்ரோலிய எண்ணெய்கள் அந்தக் கசடோடு சேர்ந்தால் தார் மாதிரிப் பிடிவாதமான பிசினாகிவிடும். வண்டிக்குப் போடுகிறதை இதில் போடாதீர்கள். தேங்காய் எண்ணெய் நல்லதுதான், ஆனால் 24 டிகிரிக்கு மேல் உருகிவிடும். நம்ம வெயிலில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது தண்ணீராகவே இருந்து மருந்துக்குள் இறங்கும். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்து ஒட்டும்.

நம்ம சீமைக்கு ஏற்றது விளக்கெண்ணெயும் தேன்மெழுகும். விளக்கெண்ணெய் கனமானது, சூட்டிலும் எளிதில் நீர்த்துப் போகாது. தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும். மூன்று பங்கு விளக்கெண்ணெய்க்கு ஒரு பங்கு மெழுகு. அடுப்பில் நேரடியாக வைக்காமல், கொதிக்கிற தண்ணீருக்குள் சின்னப் பாத்திரத்தை இறக்கி உருக்குங்கள். அக்னி நட்சத்திரத்தில் மெழுகைக் கொஞ்சம் கூட்டுங்கள், மார்கழியில் குறையுங்கள். உப்புச் சேராத ஆட்டுக்கொழுப்பு கிடைத்தால் விளக்கெண்ணெயில் பாதிக்கு அதைப் போடலாம், பழையவர்கள் அதைத்தான் பயன்படுத்தினார்கள். வில்லையை முக்கி எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தினால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது.

துணியும் எண்ணெயும் சரியாகி இன்னும் ஓட்டை விழுகிறதென்றால் மருந்தைப் பாருங்கள். பொடிக்குருணை மருந்து பெருங்குருணையைவிட வேகமாக எரிந்து அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றும். மருந்தை 5 கிரெயின், அதாவது கிராமில் மூன்றில் ஒரு பங்கு, குறைத்துப் பாருங்கள். குறிப்பலகைக்கு அது போதும், தோளுக்கும் நல்லது.

குறைக்க மனமில்லை என்றால் மருந்துக்கும் வில்லைக்கும் நடுவே ஒரு தடுப்பு வைக்கலாம். கம்பளி ஃபெல்ட்டில் வெட்டிய வட்டம், அல்லது எண்ணெய் தடவிய இன்னொரு துணிவில்லை. நெருப்பு முதலில் அதைத் தின்னும், குண்டைப் பிடித்திருக்கும் துணி தப்பிக்கும். அமெரிக்காவில் காகிதம் போல மெல்லிசாக இருக்கும் குளவிக் கூட்டைப் பிய்த்து இப்படி வைப்பார்கள். அதைக் கேள்விப்பட்டு நம்ம சுவரில் கட்டுகிற மண்குளவிக் கூட்டை யாரும் உடைத்துப் போட்டுவிட வேண்டாம். அது மண், மரையை அரித்துவிடும். தேங்காய் நாரும் வேண்டாம். நாட்டுத் துப்பாக்கியில் நார் அடைக்கிற வழக்கம் இருக்கிறது. ஆனால் பெட்டிக்கடையில் பீடி பற்றவைக்கத் தொங்கும் கயிறு நாளெல்லாம் எப்படிக் கனன்றுகொண்டிருக்கும் என்று பார்த்தவர்கள் அதைக் காய்ந்த புல்லுக்கு மேல் சுட மாட்டார்கள். தடுப்பு எதுவானாலும், மருந்து, தடுப்பு, வில்லை, குண்டு எல்லாம் இடைவெளியில்லாமல் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். குண்டு மேலே நின்று நடுவில் வெற்றிடம் இருந்தால் குழல் வீங்கும், பிளக்கவும் கூடும்.

குறி: நடு முழுசாக இருக்கிறது, ஓரம்வரை கருங்கோடுகள் ஓடுகின்றன

கோடுகளின் எண்ணிக்கை பள்ளங்களின் எண்ணிக்கை. துணி பள்ளத்தை நிறைக்கவில்லை, காற்று அந்த வழியாகப் பீறிட்டிருக்கிறது. துணியின் தடிப்பை 0.05 மி.மீ. கூட்டுங்கள். இறக்கக் கஷ்டமாக இருந்தால், அதே துணியோடு குண்டை மட்டும் சற்றுச் சின்னதாக மாற்றிப் பாருங்கள். சின்னக் குண்டும் தடித்த துணியும் என்ற சேர்க்கை இறக்குவதற்கும் சுகம், அடைப்பும் குறையாது. சுத்தியல் கொண்டு தட்டி இறக்க வேண்டிய நிலை வந்தால் எல்லை தாண்டிவிட்டீர்கள். குண்டு நெளியும், துணியும் வாயிலேயே கிழியும்.

குறி: கந்தலாக, சிவப்புக் கறையோடு விழுகிறது

துரு. தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறோம். வாரக்கணக்கில் ஒருவரும் தொடாமல் அவை அங்கே இருக்கும். அதற்கு முன்னால் குழலுக்குள் எண்ணெய் தாராளமாக ஓட்டிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் வெள்ளைத் துணியை உள்ளே விட்டு எடுத்து, நிறத்தைப் பார்த்த பிறகே மருந்தைத் தொடுங்கள்.

கரிமருந்துக் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஒரு ராத்திரி கழுவாமல் விட்டாலே போதும், துரு தொடங்கிவிடும். சுட்ட அன்றே வெந்நீர், சோப்பு, பிறகு காயவைத்து எண்ணெய். தாமிரபரணித் தண்ணீர் கிடைக்கிற ஊர்க்காரர்களுக்குக் கவலையில்லை. உவரி மாதிரிக் கரையோர ஊர்களில் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். லேசான துருவை ஸ்டீல் உல் எடுத்துவிடும். குழி விழுந்துவிட்டால் துணியால் ஈடுகட்ட முடியாது, கம்மியர்தான் வழி சொல்ல வேண்டும்.

கறையில்லாமல் வெறும் கந்தல் என்றால் துணி செத்திருக்கிறது. எண்ணெய் தடவி மாதக்கணக்கில் டப்பாவில் வைத்த வில்லைகளை இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். சத்தமில்லாமல் கிழிந்தால் தூக்கிப் போடுங்கள். தேவைக்கு மட்டும் எண்ணெய் போட்டுக்கொள்வதுதான் நல்லது. கீழே விழுந்த வில்லை எவ்வளவு நன்றாக இருந்தாலும் மறுபடி போடாதீர்கள். தேரி மணல் ஒட்டியிருந்தால் அது குழலுக்கு உப்புத்தாள்.

குறி: புகைந்துகொண்டே விழுகிறது

எண்ணெய் குறைவு என்பதற்கு இதைவிட நிச்சயமான அடையாளம் இல்லை. பங்குனி, சித்திரையில் புல்லும் பனையோலையும் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று நமக்குத் தெரியும். ஒரு கங்கு போதும். முன்னால் பத்து மீட்டர் செத்தையை அரித்து, தண்ணீர் தெளித்து, ஒரு குடம் தண்ணீரும் பக்கத்தில் இருந்தால்தான் சுட வேண்டும். மலையடிவாரத்தில் அந்த மாதங்களில் சுடவே வேண்டாம். முடித்துப் போகும்போது வில்லைகளை எண்ணிப் பொறுக்குங்கள். பத்து வெடி போட்டிருந்தால் பத்தும் கைக்கு வர வேண்டும்.

குறி: வில்லை குறையில்லை, குண்டு மட்டும் சிதறுகிறது

முதலில் சிதறலின் திசையைப் பாருங்கள். ஆடிக்காற்று அடிக்கிற நாளில் தடங்கள் இடம் வலமாக மட்டும் பரவியிருந்தால் துணியை விட்டுவிடுங்கள். உருண்டைக் குண்டு நீளக் குண்டைவிடச் சீக்கிரம் வேகம் இழக்கும், குறுக்குக் காற்றில் ரொம்பவே தள்ளிப்போகும். விடிகாலையில், காற்று எழும்புமுன் சுட்டுப் பாருங்கள்.

மேலும் கீழுமாக, நாலா பக்கமும் சிதறினால் பெரும்பாலும் எண்ணெய் அதிகம். வெடிக்கு வெடி அளவு மாறுகிறது, சிலசமயம் அடி மருந்தும் நனைகிறது. இதற்கு ஒரு நல்ல தீர்வு உண்டு. லேத்துப் பட்டறையில் கூலண்டாக ஊற்றுகிற, தண்ணீரில் கரையும் எண்ணெயில் ஒரு பங்குக்கு ஏழு பங்கு தண்ணீர் கலந்து பால்போல் ஆக்கி, துணியை முக்கி, தட்டையாக விரித்து முழுசாகக் காயவையுங்கள். தண்ணீர் போய் எண்ணெய் எல்லா வில்லையிலும் ஒரே சீராக மிஞ்சும். தட்டையாக என்று சொல்வது முக்கியம். கொடியில் தொங்கவிட்டால் எண்ணெய் கீழ்ப்பக்கம் இறங்கிவிடும். இதுவும் பெட்ரோலிய எண்ணெய்தானே என்று கேட்பீர்கள். தண்ணீரோடு கலக்கும்படி செய்தது என்பதால் கசடைப் பிசினாக்குவதில்லை, கழுவினாலும் போய்விடும்.

குண்டு வைக்கிற விதத்தையும் கவனியுங்கள். அச்சில் வார்த்த குண்டில் ஈயம் ஊற்றிய இடத்தில் ஒரு தட்டை முகம் இருக்கும். அது எப்போதும் நேர் மேலே வர வேண்டும். வில்லையின் நடுவில் குண்டு உட்கார வேண்டும். இதற்கு வில்லையை முன்கூட்டி வெட்டாமல், துணிப்பட்டையை வாயில் விரித்து, குண்டை மட்டத்துக்கு அழுத்திவிட்டு, மிச்சத்தைக் கூரிய கத்தியால் வாயோடு அறுத்துவிடுகிற முறைதான் எனக்குப் பிடித்தது. நடு தப்பவே தப்பாது. கத்தி வாய்விளிம்பில் படாமல் துணியைத் தூக்கிப் பிடித்து அறுக்க வேண்டும்.

குறி: போகப் போகக் குண்டு இறங்க மறுக்கிறது

கசடு கெட்டியாகிவிட்டது. குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதத்தில் தென்காசிப் பக்கம் சுடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. காற்றில் ஈரம் இருப்பதால் கசடு இளகியே இருக்கும். அதே துப்பாக்கி, அதே துணி, வைகாசியில் வள்ளியூர் வெயிலில் நாலைந்து வெடியிலேயே முரண்டு பிடிக்கும். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஒரு துணியை நாக்கில் தொட்ட அளவு ஈரமாக்கி, ஒரு தடவை மெதுவாக அடிவரை விட்டு எடுங்கள். அடுத்து உலர்ந்த துணி ஒன்று. ஈரம் அதிகமானால் கசடு சேறாகி அடியில் இறங்கி நிப்பிள் துவாரத்தை அடைக்கும். துடைப்பது, கெட்டிப்பதற்கு முன் கனன்றுகொண்டிருக்கும் துணுக்கை அணைக்கவும் உதவுகிறது. மருந்தை எப்போதும் அளவுக் குப்பியில் எடுத்துத்தான் ஊற்ற வேண்டும், மருந்துப் புட்டியை நேராக வாயில் கவிழ்க்கவே கூடாது என்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

பாதியில் சிக்கிய குண்டோடு சுடாதீர்கள். மருந்தைத் தொடும்வரை இறங்க வேண்டும், இரண்டாவது கோடு வாயோடு நிற்க வேண்டும்.

குறி: முதல் வெடி மட்டும் விலகுகிறது அல்லது வெடிக்கவே மாட்டேன் என்கிறது

குழலில் காப்புக்காக ஓட்டிய எண்ணெய் மிச்சமிருக்கிறது. உலர்ந்த துணி எண்ணெய் இல்லாமல் வெளியே வரும்வரை துடையுங்கள். பிறகு மருந்தில்லாமல், வாயை ஒரு காய்ந்த இலைக்கு நேராக, பாதுகாப்பான திசையில் பிடித்து ஒரு கேப்பு வெடியுங்கள். இலை அசைந்தால் வழி திறந்திருக்கிறது. அசையாவிட்டால் நிப்பிளைக் கழற்றிக் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

கேப்பு வெடித்து மருந்து பிடிக்கவில்லை என்றால், துப்பாக்கியைக் குறிப்பலகையை நோக்கியே பிடித்துக்கொண்டு குறைந்தது ஒரு நிமிஷம் காத்திருங்கள். உள்ளே மெதுவாகக் கனன்று தாமதமாக வெடிக்கலாம். பிறகு புதுக் கேப்பு போட்டுப் பாருங்கள். அதுவும் பிடிக்காவிட்டால் மறுபடியும் ஒரு நிமிஷம் காத்து, நிப்பிளைக் கழற்றி அதன் கீழே நாலு குருணை நயமருந்தை இட்டு, நிப்பிளை மாட்டி, கம்பியை விட்டுக் குண்டு மருந்தோடு ஒட்டித்தான் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துச் சுட்டுவிடுங்கள். கம்பியை வெளியே எடுக்க மறந்துவிடாதீர்கள்.

கெட்டித்த துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் சுடலாம் என்று சாய்த்து வைக்கிற பழக்கத்தை அடியோடு விடுங்கள். வீட்டுக்கு ஆபத்து என்பது ஒரு பக்கம். ஒரு ராத்திரியில் வில்லையின் எண்ணெய் மருந்துக்குள் இறங்கிவிடும், துணி காய்ந்துவிடும். காலையில் முதல் வெடி வில்லையை நடுவில் ஓட்டையோடுதான் திருப்பித் தரும்.